கொரோலா 121 ஓட்டோ கியர் 2இலிருந்து 3க்கு மாறும்போது உதறுகிறது, சிப் போட்டும் சரிவரவில்லை. உதவி தேவை

உப்புவெளிக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2003 கொரோலா 121, 1500 சிசி, 4 கியர் ஓட்டோ. வாங்கி ஒன்றரை வருடம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. மத்தியானம் திருகோணமலை டவுனுக்குள் அரை மணித்தியாலம் அலைந்துவிட்டு அனுராதபுரச் சந்தி தாண்டி நிலாவெளி வீதிக்கு ஏறினால்தான் வித்தை தொடங்கும். 2இலிருந்து 3க்கு மாறப்போகிற நேரம் எஞ்சின் மட்டும் உறுமி ஆர்பிஎம் மேலே போகும், கார் இழுக்காது, அப்புறம் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி ஒரு உதறல். ரிவர்ஸ் போட்டாலும் ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்கத்தான் பிடிக்கிறது.

போன மாதம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பெர்ஃபோமன்ஸ் சிப்பாம், ஓட்டோ கியர் மென்மையாக மாறுமாம், பெற்றோலும் மிச்சமாம். 7,500 ரூபா கொடுத்து வாங்கிவிட்டேன். (திட்டவேண்டாம், மனைவி ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டா.) பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எயார் ஃபில்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சென்சரின் வயர் ஒன்றை வெட்டி நடுவில் சிப்பை முறுக்கி டேப் சுற்றச் சொல்லியிருந்தது, அப்படியே செய்தேன். முதல் மூன்று நாள் கியர் உண்மையிலேயே மென்மையாக மாறியது. நாலாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. இப்போது புதிதாக, கோணேசர் கோயில் ஏற்றத்தில் மிதித்தால் எஞ்சினில் டிக் டிக் என்று ஒரு சத்தமும் சேர்ந்திருக்கிறது. இதைவிட நல்ல சிப் 25,000க்கு இருக்கிறதாம். போடலாமா? கியர் ஒயில் குறையவில்லை, காலையில் கம்பியை இழுத்துப் பார்த்தேன், ஃபுல்லாக இருக்கிறது.

கிண்ணியா 121:
எனக்கும் இதே கார், இதே கூத்துத்தான் நானா. பாலத்தில் ஏறும்போது நன்றாகத் தெரியும். ஒரு கராஜில் கியர்பொக்ஸே மாற்றவேண்டும் என்று சொல்லிப் பயம் காட்டிவிட்டார்கள். பதில் வந்தால் எனக்கும் உதவும்.

பழைய பட்டறை:
தம்பி, 25,000 ரூபாவைப் பையிலேயே வைத்திரும். சிப் கதையை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்த ஒயில் கம்பி. காலையில், எஞ்சின் ஓவ் செய்த நிலையில் பார்த்தீர் என்றால் அது கணக்கில் வராது. ஓட்டோ கியர் ஒயில் ஓடும் நேரம் எஞ்சினையும் கியரையும் ஒயிலால் இணைக்கிற டோர்க் கன்வேட்டர், ஒயிலை ஆறவைக்கிற கூலர் எல்லாவற்றுக்குள்ளும் ஏறியிருக்கும். நிறுத்தி வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிவந்து மட்டம் கூடக் காட்டும். கந்தளாய் வீதியில் ஒரு 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி P இலிருந்து L வரை ஒவ்வொரு இடமாகப் போட்டுத் திரும்ப P க்கு வாரும். அப்புறம் கம்பியை இழுத்து, நூல் விடாத துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தால் HOT என்ற இரண்டு கோட்டுக்கு இடையில் நிற்கவேண்டும். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு நிறத்தையும் மணத்தையும் சொல்லும்.

நீர் சொல்கிற உறுமல், சூட்டில் மட்டும் வருவது, ரிவர்ஸ் தாமதம், மூன்றையும் சேர்த்தால் உள்ளே அழுத்தம் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. 2ஐ விட்டு 3க்கான கிளச்சை இறுக்குவது ஒயில் அழுத்தம். ஒயில் சூடாகி இளகினால், அதிலும் மட்டம் குறைந்து பம்ப் காற்றையும் சேர்த்து இழுத்தால், கிளச் பிடிக்கத் தாமதமாகும். அந்த இடைவெளியில் எஞ்சின் சும்மா உறுமும். இதை வெளியில் ஒட்டுகிற ஒரு பெட்டி எப்படித் திருத்தும்?

நிலாவெளி டீசல்:
எல்லா சிப்பும் பொய் இல்லை. நான் என் டீசல் ஜீப்புக்கு ரீமேப் செய்தேன், கியர் மாறுகிற விதமே வேறாகிவிட்டது.

பழைய பட்டறை:
உண்மைதான், மறுக்கவில்லை. உங்களுக்குச் செய்தது கணினிக்குள் இருக்கிற கணக்கையே மாற்றி எழுதியது. சிப் என்ற பெயரே அங்கிருந்துதான் வந்தது. 80களிலும் 90களின் முதல் பாதியிலும் பல கார்களின் எஞ்சின் கணினியில் கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு மெமரி சிப் இருந்தது, அதை எடுத்துவிட்டு வேறு கணக்கு எழுதிய சிப்பைப் போடுவார்கள். எஞ்சினையும் கியரையும் ஒரே கணினி ஆளுகிற அமெரிக்க வண்டிகளில் எந்த வேகத்தில் கியர் மாறவேண்டும், எவ்வளவு அழுத்தத்தில் இறுக்கவேண்டும், டோர்க் கன்வேட்டர் எப்போது லொக் ஆகவேண்டும் என்பதையெல்லாம் அப்படி மாற்றலாம். இந்த விளம்பரக்காரர் அந்தப் பேரை எடுத்து வேறு எதிலோ ஒட்டியிருக்கிறார். தம்பி, அந்தப் பெட்டியை உடைத்துப் பாரும்.

உப்புவெளிக்காரன்:
உடைத்தேன். வெட்கமாக இருக்கிறது. தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி, உள்ளே முழுக்கப் பசை. கத்தியால் சுரண்டினால் நடுவில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ரெசிஸ்ரர். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, பொன் என்று நாலு கோடு. வேறு ஒன்றுமே இல்லை. முறுக்கின வயர் முனை ஒரு மாதத்திலேயே பச்சை பிடித்திருக்கிறது.

பழைய பட்டறை:
2,200 ஓம். கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். உம்முடைய காரில் உள்ளே வரும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சர், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சரோடு ஒன்றாகத்தான் இருக்கிறது. சூடு குறையக் குறைய அதன் தடை கூடும். அதோடு தொடராக இன்னொரு தடையைப் போட்டால் கணினி "அட, நல்ல குளிர்" என்று நம்பும். காரின் கணினியைப் படிக்கிற ஸ்கேனர் இருந்தால் பார்த்திருக்கலாம், திருகோணமலை வெயிலில் நுவரெலியாக் காற்று காட்டியிருக்கும்.

குளிர்காற்று என்றால் பெற்றோலைக் கொஞ்சம் கூட்டப் பார்க்கும். ஆனால் இந்த எஞ்சினில் காற்றின் நிறையையே நேரே அளப்பதால் பெரிய வித்தியாசம் வராது, வந்தாலும் சாதாரண ஓட்டத்தில் சைலன்சர் பக்கத்து ஒக்சிசன் சென்சர் பார்த்துத் திருத்திவிடும். மிச்சம் இருப்பது தீப்பொறி. சூடான காற்றுக்குக் கணினி தீப்பொறியைக் கொஞ்சம் பிந்திக் கொடுக்கும், எஞ்சின் தட்டாமல் இருக்க. நீர் அந்தக் காவலை எடுத்துவிட்டீர். கோயில் ஏற்றத்தில் கேட்ட டிக் டிக் அதுதான். முதல் மூன்று நாள் நன்றாயிருந்ததற்குக் காரணம் பற்றரியைக் கழற்றியதாக இருக்கும், கணினி பழகிவைத்ததெல்லாம் அழிந்து புதிதாகப் பழகத் தொடங்கியிருக்கும். 7,500 கொடுத்த மனமும் கொஞ்சம் உதவியிருக்கும், குறை நினைக்கவேண்டாம்.

கிண்ணியா 121:
என்னிடம் ஸ்கேனர் இருக்கு. பெருநாள் லீவில் உப்புவெளிப் பக்கம் வருவேன் நானா, கொண்டு வரவா?

உப்புவெளிக்காரன்:
கட்டாயம் வாங்க, சாப்பாடும் இங்கேதான்.

உப்புவெளிக்காரன் (10 நாள் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு தேடி வருகிறவருக்கு உதவும்.

கிண்ணியாத் தம்பி வந்தபோது பரிசோதனைக்காக அந்த ரெசிஸ்ரரைத் திரும்ப முறுக்கிப் பார்த்தோம். பொனட்டுக்குள் காற்று 12 பாகை என்று காட்டியது. பிடுங்கிவிட்டு வயரை நேரே சேர்த்து ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் போட்டதும் 41. இரண்டு பேரும் சிரித்தோம். டிக் டிக் சத்தம் அன்றைக்கே போய்விட்டது, உதறல் போகவில்லை.

ஒயிலை ஐயா சொன்னபடி சூட்டில் பார்த்தேன். கம்பியில் HOT கோடு இரண்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் நனைந்திருந்தது. கடதாசியில் விட்டால் பிளேன்டீ நிறம், அடிப்பிடித்த மணம். வாங்கிய புதிதில் ஒரு இடத்தில் சேர்விஸ் செய்தேன், அங்கே என்ன ஊற்றினார்கள் என்று பில்லைத் தேடி எடுத்தால் இந்தக் காருக்குரிய டொயோட்டா டி-4 (T-IV) ஒயில் இல்லை, பொதுவான டெக்ஸ்ரன் ஒயில் என்று எழுதியிருக்கிறது. கூலர் குழாய் மூட்டில் மெல்லிய கசிவும் இருந்தது, தரையில் சொட்டாத அளவு, அதனால்தான் கண்ணில் படவில்லை.

பழைய பட்டறை:
டி-4க்கும் டெக்ஸ்ரனுக்கும் கிளச் உரசும் தன்மை வேறு, கலந்து ஓடினால் உதறும். மெஷினால் ஃப்ளஷ் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளவேண்டாம், பழைய கியரில் படிந்த அழுக்கெல்லாம் வால்வுக்குள் போய் அடைக்கக்கூடும். நட்டைக் கழற்றி வடியவிட்டால் சுமார் 3 லீட்டர் வரும், மிச்சம் உள்ளேயே நிற்கும். வடிந்த அளவுக்குப் புதிது விட்டு, சில நாள் ஓடி, திரும்ப வடித்து விடும். மூன்று தரம் செய்தால் போதும். முதல் தரமே கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றி ஸ்ட்ரெயினரையும் (ஒயில் வடிகட்டி) மாற்றும், உள்ளே இருக்கிற காந்தத்தைப் பாரும். சாம்பல் நிறச் சேறு என்றால் பயமில்லை, நகத்தில் குத்துகிற இரும்புத் துண்டு என்றால் எனக்குச் சொல்லும்.

உப்புவெளிக்காரன்:
காந்தத்தில் சேறுதான், விரலில் தேய்த்தால் மை மாதிரி. மூட்டு வோஷர் மாற்றி, இரண்டு தரம் ஒயில் மாற்றியாகிவிட்டது. நேற்று மத்தியானம் 2 மணி வெயிலில் டவுனுக்குள் சுற்றிவிட்டு நிலாவெளி வரை போனேன், கோட்டைப் பக்கம் மான்கள் குறுக்கே வந்து நாலைந்து தரம் நிறுத்தி எடுக்கவும் வேண்டியிருந்தது. உறுமல் இல்லை. ரிவர்ஸ் உடனே பிடிக்கிறது. 2இலிருந்து 3க்கு மாறும்போது இன்னும் ஒரு சின்னத் தட்டு இருக்கிறது, முன்னால் இருந்ததில் கால்வாசி என்று சொல்லலாம்.

பழைய பட்டறை:
மூன்றாவது தரத்தையும் முடித்துவிட்டுப் பாரும். அதற்குப் பிறகும் இருந்தால் எஞ்சினைத் தாங்குகிற மவுண்டிங் ரப்பர். ஒருவரை பிரேக்கை இறுக்கி மிதிக்கவிட்டு, கைப்பிரேக்கும் போட்டு, D யிலும் R இலும் மாறி மாறிப் போடச் சொல்லிவிட்டு, நீர் பக்கவாட்டில் நின்று பாரும், காருக்கு முன்னால் நிற்கவேண்டாம். எஞ்சின் எழும்பிக் குதித்தால் ரப்பர் போய்விட்டது.

கிண்ணியா 121:
என்னுடையதிலும் கம்பி நுனிதான் நனைகிறது. டி-4 நாலு லீட்டர் கானாக எங்கே எடுத்தீங்க நானா?

உப்புவெளிக்காரன்:
இங்கே டவுனில் ஒரு ஸ்பெயார் கடையில்தான். கானில் ஒட்டியிருக்கிற சீலைப் பார்த்து எடுங்கள், திறந்த கானில் அளந்து தருவதை வாங்கவேண்டாம். ஞாயிறு போகும்போது உங்களுக்கும் ஒன்று எடுத்து வைக்கிறேன்.