விபத்தில் கால் முறிந்த தம்பிக்கு மருத்துவக் காப்பீடு இல்லை: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கடந்த வாரம் பின்னால் வந்த கார் மோதியதில், இருசக்கர வாகனத்தில் சென்ற என் தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்துவிட்டன. அவசரப் பிரிவில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். எலும்புக்குள் கம்பி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். அவனுக்கு மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லை. கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை அடிக்கடி அசைக்கச் சொல்லி, நிறம் மாறுகிறதா என்று நானும் அம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மோதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது. ஆனால் தவறு யாருடையது என்று முடிவான பிறகே அந்த நிறுவனம் பணம் தரும் என்றும், அதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். எலும்பு அதுவரை காத்திருக்காது; கோணலாகக் கூடிவிட்டால் மறுபடி உடைத்துச் சேர்க்க நேரிடுமோ என்பதுதான் எங்கள் பயம்.

இழப்பீடு வந்தபின் கட்டணத்தைப் பெற்றுக்கொள்ளும்படி, வழக்கறிஞரின் உறுதிக் கடிதத்தின் பேரிலோ தவணை முறையிலோ மருத்துவமனையைச் சம்மதிக்க வைத்தவர்கள் இருந்தால், யாரிடம், எப்படிப் பேசினீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். காவல்துறை அறிக்கை, எக்ஸ்ரே, ரசீதுகள் அனைத்தையும் பத்திரப்படுத்தியிருக்கிறோம். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒரு தொகையைச் சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்கிறார். முழுச் செலவும் தெரியாமல் போட எங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் மறுப்பது சரிதானா?