மூன்றடிக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த மீன் அழகு?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். நெடுநாளாக நன்னீர் மீன்களை வளர்த்து வந்த நான், ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும் என் மூன்றடித் தொட்டியைக் கடல்நீருக்கு மாற்றியிருக்கிறேன். பாறைகள் இட்டாகிவிட்டது, சோதித்ததில் மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை. மாண்டரின் மீன்மேல் எனக்குத் தீராத ஆசை. என் மகளோ நீல டாங் (blue tang) மீனைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள். உங்களுக்குப் பிடித்த அழகிய மீன்கள் எவை? தேவனாம்பட்டினத்துக் கடல்நீரையே எடுத்துவந்து பயன்படுத்தலாமா?

பதில் 1 (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
என் கண்ணுக்கு மாண்டரினை மிஞ்சிய மீன் இல்லை. மற்ற மீன்கள் பெரும்பாலானவற்றில் நீலம் என்பது ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. இதன் தோலிலோ நீல நிறமியே இருக்கிறது. ஆனால், பாறையை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, ஒவ்வோர் இடுக்கையும் நின்று பார்த்து, கோப்பிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகளைக் கொத்தித் தின்பதே அதற்கு நாள் முழுதும் வேலை என்பதால், புதிய தொட்டியில் அந்த இரை விரைவிலேயே தீர்ந்துவிடும். உலர் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. வயிறு ஒட்டிப்போய் மெலிந்து சாகும். ஓராண்டாவது தொட்டி முதிரட்டும், பிறகு வாங்குங்கள். நீல டாங் ஓரடி வரை வளர்ந்து ஓயாமல் நீந்தும் மீன். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை.

பதில் 2 (பரங்கிப்பேட்டை):
எல்லாரும் வைத்திருப்பது என்பதற்காகக் கோமாளி மீனை ஒதுக்கிவிடாதீர்கள் ஐயா. எங்கள் ஊரிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இவற்றை இனப்பெருக்கம் செய்திருக்கிறார்கள். தொட்டியில் பிறந்த குஞ்சுகள், கடலில் பிடிபட்டவற்றைவிட எளிதாகத் தீவனம் ஏற்கும். அளவில் சற்றே வேறுபட்ட இரண்டு இளங்குஞ்சுகளை வாங்கினால் பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாகும். பெண் இறந்துவிட்டால் அந்த ஆணே பெண்ணாக மாறும். கடலில் அவை தங்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலும் நன்றாக வாழும். முன்பாதி ஊதாவும் பின்பாதி மஞ்சளுமான ராயல் கிராமா, கரிபியன் கடலிலிருந்து வருவதால் விலை கூடுதல்; ஆனாலும் குகைக்குள் தலைகீழாக ஒட்டிநிற்கும் அதன் அழகுக்காக ஒன்று வாங்கலாம். கடல்குதிரையை யாரேனும் விற்க வந்தால் மறுத்துவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பதில் 3 (வில்லியனூர்):
தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீர் பெருகும்போது கரையோரத்தில் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும், ஊர்க் கழிவும் கூடவே வரும். ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கென விற்கும் கடலுப்பைக் கரைத்து, உப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.025 காட்டும்படி வைத்துக்கொள்வதே நல்லது. ஆவியாகிக் குறையும் அளவை ஈடுகட்ட உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள்; உப்பு ஆவியாவதில்லை. கோடையில் நீரின் வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால், நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கும் வரை மேல்மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்று படும்படி வைக்கலாம். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை மீனுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். புயல் நாளில் மின்சாரம் எப்போது திரும்பும் என்று நம் பக்கத்தில் யாரால் சொல்ல முடியும்?