அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று: டாக்டரை எப்படி முடிவு செய்வது?

தஞ்சை மகள்:
அம்மாவுக்கு 62 வயது. ரொம்ப வருடமாக முடக்குவாதம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தும் கொஞ்சம் ஸ்டீராய்டும் எடுக்கிறார். இப்போது வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, எக்ஸ்ரேயில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் அழுகிறார்.

தஞ்சாவூரில் ஒரு டாக்டர் புது மூட்டை எலும்போடு சிமென்ட் வைத்துப் பிடிக்க வைக்கலாம் என்கிறார். திருச்சியில் பார்த்தவர் சிமென்ட் இல்லாமல், செராமிக் பந்து என்கிறார். செலவு எங்கேயோ போகிறது. செராமிக்தான் நல்லதா? சென்னைக்கே போய்விடலாமா? அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வாசலில் கோலம் போட முடியுமா?

மதுரை கண்டக்டர் (ஓய்வு):
தங்கச்சி, எனக்கு 51 வயதில் இடது பக்கம் மாற்றினார்கள். ரத்த ஓட்டம் நின்று பந்து எலும்பு செத்துப்போய்விட்டது, ஏவிஎன் என்பார்கள். செராமிக்கா சிமென்ட்டா என்பதைக் கடைசியில் பாருங்கள். சிமென்ட் என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டில் எலும்பு மெலிந்திருந்தால் அதுவே சரியாக இருக்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது, "வருடத்துக்கு எத்தனை இடுப்பு செய்கிறீர்கள்?" மூட்டு மாற்று என்று போர்டு தொங்கும், உள்ளே போனால் பெரும்பாலும் முழங்கால்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 2014இல் ஓர் ஆய்வு வந்தது. வருடத்துக்கு 35 இடுப்புக்குக் குறைவாகச் செய்பவர்களிடம் மூட்டு நழுவுவதும், திரும்ப ஆபரேஷன் செய்ய நேர்வதும் அதிகம் என்று கண்டார்கள். நான் கேட்டபோது ஒருவர், "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பக்கம் அப்புறம் போகவில்லை. எனக்குச் செய்தவர் சிரித்துக்கொண்டே கணக்குச் சொன்னார்.

அடுத்து, கத்தி பிடிக்கப் போவது அவரேதானா? பின்னால் ஏதாவது ஆனால் ரிவிஷன், அதாவது திரும்பச் செய்யும் ஆபரேஷன், அவரே செய்வாரா? இதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்பவர் தஞ்சாவூரிலேயே இருந்தால் சென்னை எதற்கு? தையல் பிரிக்கவும் செக்கப்புக்கும் அம்மாவை அவ்வளவு தூரம் இழுத்தடிக்க வேண்டும்.

பில் விஷயம். 2017இல் முழங்கால் இம்ப்ளான்ட்டுக்கு (உள்ளே வைக்கும் செயற்கை மூட்டு) மத்திய அரசு விலை வரம்பு வைத்தபோது இடுப்பைச் சேர்க்கவில்லை. எஸ்டிமேட்டில் கம்பெனி, மாடல் இரண்டும் எழுதி வாங்குங்கள். இம்ப்ளான்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள். 2010இல் டெப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்களே, அந்த மாதிரி நாளை வந்தால் உள்ளே இருப்பது எது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பிசியோ அக்கா, கோவை:
முடக்குவாதம் என்றதும் எனக்குக் கழுத்துதான் ஞாபகம் வருகிறது. இந்த நோயில் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம். மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, கழுத்து எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவே கூடாது. மெத்தோட்ரெக்சேட்டைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், அதையும் வாத நோய் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் சரி செய்ய வேண்டும், கிருமி புது மூட்டுக்குப் போய்விடும்.

அம்மாவின் விரல்களும் மணிக்கட்டும் எப்படி இருக்கின்றன? சாதாரண வாக்கரை இறுக்கிப் பிடிக்க முடியாதென்றால், முன்கையைத் தாங்கிக்கொள்ளும் வாக்கர் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே அதில் நடந்து பழகட்டும். வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் கைப்பிடி, உயரமான கட்டில், கையுள்ள நாற்காலி எல்லாம் வீட்டில் தயாராக இருக்கட்டும். மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள்.

கோலம்: முதல் மூன்று மாதம் பேச்சே வேண்டாம். பின்பக்கம் வழியாகத் திறந்தால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கும்போது பந்து நழுவலாம். எந்த வழி, எவ்வளவு குனியலாம் என்று சர்ஜனிடமே கேளுங்கள். அம்மா முன்னாலேயே கேளுங்கள், நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்!

தஞ்சை மகள்:
அக்கா, கழுத்து பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சீப்பைப் பிடிப்பதே கஷ்டம், அந்த வாக்கரை விசாரிக்கிறேன். அண்ணா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. செல்லுமா?

மதுரை கண்டக்டர் (ஓய்வு):
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தத் திட்டத்தில் செய்கிறார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் காப்பீட்டு கவுன்ட்டரில் முதலில் விசாரியுங்கள். அட்டையில் அம்மா பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி. தனியாரில் அட்மிட் ஆகிவிட்டு அட்டையை நீட்டினால் வேலைக்கு ஆகாது.