மருந்துக்கடையில் மாத்திரைச் சரிபார்ப்புச் சேவை: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஆறு ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்திவரும் மருந்தாளுநர் நான். சென்ற மாதம் ஒரு பாட்டி மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் பரப்பிய அட்டைகளில், இரண்டு மருத்துவர்கள் வெவ்வேறு வணிகப் பெயர்களில் எழுதிக்கொடுத்த ஒரே மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய்க்கான மருந்து) இருந்தது; இரண்டையும் அவர் தவறாமல் விழுங்கிவந்திருக்கிறார். அன்றிலிருந்து, நீண்டகால நோயாளிகளின் மாத்திரைகளை மாதம் ஒருமுறை சரிபார்த்து, வேளைவாரியாகப் பிரித்து உறையிலிட்டுக் கொடுக்கும் சேவையைத் தொடங்க எண்ணியிருக்கிறேன். 2015ஆம் ஆண்டின் பார்மசி நடைமுறை விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதை நம் பணியாகவே வகுத்துள்ளன என்றாலும், தள்ளுபடியைப் பார்த்தே கடை மாறும் வாடிக்கையாளரிடம் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது எளிதன்று.

என் முதன்மையான ஐயம் பிரித்துக் கட்டுவதில்தான். அட்டையை வெட்டினால் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் ஒரு துண்டோடு போய்விடும். அவற்றை உறையின்மேல் எழுதிக்கொடுத்தால் போதுமா, மருந்து ஆய்வாளர்கள் ஆட்சேபித்த அனுபவம் எவருக்கேனும் உண்டா? கட்டணத்தை மாதச் சந்தாவாகப் பெறுகிறீர்களா, விற்பனை லாபத்திலேயே ஈடுகட்டுகிறீர்களா என்பதையும், ஒரே மருந்து இருமுறை எழுதப்பட்டிருப்பதை மருத்துவர் முகம் சுளிக்காதபடி எவ்வாறு தெரிவிக்கிறீர்கள் என்பதையும் (எனக்கு இதில்தான் பெருந்தயக்கம்) விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.