பம்ப் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் மரை போய்விட்டது: ஹெலிகாயிலா, புஷ்ஷா?

வாய்க்கால்மேடு:
வணக்கம். வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறைக்க ஒரு பெட்ரோல் பம்ப் வைத்திருக்கிறோம், 168எஃப் இன்ஜின், ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரியே இருக்கும், செகண்ட்ஹேண்டில் வாங்கியது. ஓடும்போது பிளக் பக்கம் புஸ்புஸ்ஸென்று காற்று வந்தது, சரி லூசாக இருக்கிறது என்று டைட் வைத்தால் பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பிளக் மரையில் அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் கோணலாக ஏற்றி முறுக்கியிருக்க வேண்டும். மெக்கானிக் ஒருவர் எபாக்சி வைத்து ஒட்டிவிடலாம் என்கிறார், கடையில் ஹெட்டையே (சிலிண்டரின் மேல்மூடி) மாற்றச் சொல்கிறார்கள். கத்தரி பூவெடுத்திருக்கிற நேரம், தண்ணீரை நிறுத்த முடியாது. ஹெட்டைக் கழற்றாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?

பட்டறைக்காரன்:
எபாக்சி வேண்டாம் தம்பி. பிளக் வாங்கும் சூடு மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது, நடுவில் பசை இருந்தால் பிளக் சூடேறிக்கொண்டே போகும், பசையும் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. பிளக் தெறித்து வந்தால் எதிரில் நிற்பவருக்கு ஆபத்து.

முதலில் டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். இந்த இன்ஜினில் பிளக் 14 மி.மீ., பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 1.25, மரை நீளம் 19 மி.மீ., அதாவது ஏறக்குறைய 15 சுற்று. கோணலாக ஏற்றியதில் வெளிப்பக்கம் இரண்டு மூன்று சுற்று மட்டும் நசுங்கியிருந்தால் எதுவும் பதிக்க வேண்டியதில்லை. ஹெட்டைக் கழற்றி, உள்பக்கத்திலிருந்து, நல்ல மரை இருக்கிற இடத்தில் 14 × 1.25 டேப்பை (மரை வெட்டும் கருவி) ஏற்றி வெளியே கொண்டுவந்தால் அது நேர்கோட்டிலேயே வந்து நசுங்கியதைத் திருத்திவிடும். வெளியிலிருந்து டேப் போட்டால் பழைய கோணல் வழியிலேயே போகும். ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மரை முழுக்க வழித்துக்கொண்டு வந்துவிட்டது. ஹெலிகாயில்தான், அதாவது ஓட்டையில் புதிதாக மரை வெட்டி உள்ளே பதிக்கிற கம்பிச் சுருள். அதற்கென்று வரும் கிட்டில் தனி டேப் இருக்கும், சாதாரண 14 டேப் உதவாது.

வாய்க்கால்மேடு:
நன்றி அண்ணே. டேப்பில் கிரீஸ் தடவினால் துருவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், ஹெட்டைக் கழற்ற வேண்டாம் என்கிறார்களே?

பட்டறைக்காரன்:
பெரும்பாலும் ஒட்டும், முழுக்க ஒட்டாது. மிஞ்சுகிற துணுக்கு சிலிண்டர் சுவரைக் கீறும், இல்லையென்றால் வால்வ் சீட்டில் உட்கார்ந்து கம்ப்ரஷனைக் கெடுக்கும். நான்கு போல்ட் கழற்றுகிற வேலைக்குப் பயந்து அந்த வம்பு எதற்கு? இன்னொன்று, ஹெலிகாயிலின் அடியில் ஒரு சிறு வால் இருக்கும், பதித்த பிறகு அதை ஒடித்து எடுக்க வேண்டும். ஹெட் மேஜையில் இருந்தால் அது கையில் விழும்.

லேத்_ராசா:
நான் புஷ் பக்கம், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள உலோகக் குழாய்த் துண்டைப் பதிப்பது. தோட்டத்து பம்ப்பில் பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கிறோம், காயில் சரியாகப் பதியாவிட்டால் ஒரு நாள் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். வெளியே 18 × 1.5, உள்ளே 14 × 1.25, மேலே மெல்லிய காலர், இப்படி ஒரு புஷ் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். பித்தளை சூட்டில் விரிவது அலுமினியத்துக்குப் பக்கத்தில் வரும், சாதா இரும்பை விட அது நல்லது. காலர் உட்கார ஹெட்டில் அதே அளவுக்குப் பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிளக் அவ்வளவு தூரம் மேலே தூக்கிக்கொள்ளும். புஷ்ஷின் அடிமுனை அறைக்குள் நீட்டிக்கொண்டு இருக்கவே கூடாது, அந்த விளிம்பு பழுத்துச் சிவந்து, பிளக் பொறி விடுமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

பட்டறைக்காரன்:
அதுவும் சரிதான். ஆனால் 18க்குக் குடைந்தால் ஓட்டைக்கும் வால்வ் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு அலுமினியம் மிஞ்சும் என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும், இந்தச் சின்ன ஹெட்டில் இடம் குறைவு. காயில் அதைவிடக் குறைவாகத்தான் தின்னும். அதனால் முதலில் காயில், அதுவும் போனால் புஷ் என்பதுதான் என் கணக்கு.

கரும்புக்காடு:
திருப்பி மாட்டும்போது புது கேஸ்கட் போடுங்கள், ஹெட் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஜிஎக்ஸ்160க்கு 24 நியூட்டன் மீட்டர். வால்வைத் திறக்கிற கம்பிகளான புஷ் ராடு இரண்டும் டேப்பெட் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள், அப்புறம் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வ் இடைவெளி: இன்டேக் 0.15, எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ.

பிளக்கை எப்போதும் கையாலேயே கடைசி வரை ஏற்றுங்கள், ஒரு துண்டு பெட்ரோல் டியூபை அதன் தலையில் மாட்டிச் சுற்றினால் கோணலானதும் டியூப் வழுக்கிவிடும், மரைக்கு ஒன்றும் ஆகாது. வாஷர் உட்கார்ந்த பிறகு புது பிளக் என்றால் அரைச் சுற்று, பழையது என்றால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது கழற்றவே கழற்றாதீர்கள்.

வாய்க்கால்மேடு:
சரி, ஹெட்டைக் கழற்றிவிடுகிறேன். அதுவரை பக்கத்துத் தோட்டத்து பம்ப்பைக் கேட்டிருக்கிறேன். ஓட்டையின் படம் எடுத்துப் போடுகிறேன், வால்வ் சீட் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணே.