கல்லறைத் திருநாள்: அப்பாவுக்கு மட்டும் தெரிந்ததை எப்படிக் கேட்டு எழுதி வைப்பது?

தோணிவீட்டு மகள், தூத்துக்குடி:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் முந்தின நாளே நானும் அப்பாவும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவைக்கும் பெயருக்கும் கறுப்புப் பெயிண்ட் தொட்டு வைத்துவிட்டு வருவோம். மறுநாள் பூசை முடிந்து சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரும்போது மெழுகுவர்த்தி ஏற்றி, செவ்வந்தி மாலை போட்டு, அவரவர் கல்லறை பக்கத்தில் நிற்போம். நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து இது தவறியதில்லை.

அப்பாவுக்கு இப்போது 81 வயது. ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. எங்கள் குடும்பத்துக்கு ஆறு கல்லறைகள். மூன்றில்தான் பெயர் இருக்கிறது. அதிலும் பாட்டியுடையதில் சுண்ணாம்பு ஏறி ஏறி, வெட்டின எழுத்தெல்லாம் தூர்ந்துவிட்டது. மற்ற மூன்றும் யார் யாருடையவை என்பது அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம் போனை நீட்டி, "பதிவு பண்றேன்ப்பா, பாட்டியைப் பத்திச் சொல்லுங்க" என்றேன். கோர்ட்டில் நிறுத்தின மாதிரி விறைப்பாக நின்று, "எங்க அம்மா நல்லவங்க. 1974-ல செத்தாங்க" என்றார். அவ்வளவுதான். போனைப் பைக்குள் போட்ட பிறகுதான், கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தார். தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக இருந்தார். கொழும்புக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் ராணி சந்தன சோப்பு வாங்கி வருவாராம். பாட்டி அதை யாரையும் தொட விடாமல், துணிப்பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாட்டி மடியில் தலை சாய்த்தால் அந்த வாசனை வருமாம். இதைச் சொல்லும்போது அப்பா ஒருதரம் மூச்சை ஆழமாக இழுத்தார். இதில் ஒரு வார்த்தைகூட என் போனில் இல்லை.

இன்னொன்று. ஓரத்தில் இரண்டு முழ நீளத்தில் சின்னதாக ஒரு சிமெண்ட் மேடை இருக்கிறது. அதற்கு மட்டும் அப்பாவேதான் சுண்ணாம்பு அடிப்பார், என்னை விட மாட்டார். யாருடையது என்று கேட்டால், "நம்ம பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு மட்டையைச் சுண்ணாம்பில் முக்கப் போய்விடுவார். அதைப் பற்றிக் கேட்கலாமா, கூடாதா? எழுத்தை மீட்க என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கப்பிள்ளை:

நான் ஒரு பங்குக் கோயிலில் இருபது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். முதலில் கல்லைச் சொல்கிறேன். ஆசிட் ஊற்றாதீர்கள், கம்பி பிரஷ் போடாதீர்கள். சலவைக்கல்லாக இருந்தால் ஆசிட் கல்லையே அரித்துவிடும், எழுத்து அதோடு போச்சு. ஈரச் சாக்கைக் கல்மேல் போட்டு நன்றாக ஊறவிடுங்கள். அப்புறம் மூங்கில் சிம்பைச் சீவி, எழுத்தின் குழிக்குள் விட்டு மெதுவாக நோண்டுங்கள். சுண்ணாம்பு ஏடு ஏடாக வரும். காலை வெயில் சாய்வாக விழும் நேரம் பாருங்கள். நிழலாக இருந்தால் கண்ணாடி பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடியுங்கள். கைக்குத் தட்டாத எழுத்துகூட அப்போது தெரியும்.

அடுத்தது, பங்குத்தந்தையிடம் அடக்கப் பதிவேடு பார்க்க அனுமதி கேளுங்கள். அடக்கம் முடிந்ததும் அதில் பதிய வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பழைய பக்கங்கள் லத்தீனில் இருந்தால் பயப்படாதீர்கள், பெயரும் தேதியும் புரியும். தோராயமான வருஷமும் தகப்பன் பெயரும் கையில் இருந்தால் தேடிவிடலாம்.

அந்தச் சின்னக் கல்லறை பற்றி ஒன்று. பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கு, சாமியார் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருந்திருக்கும். ஆனால் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து அப்பா முன்னால் வைக்காதீர்கள். அவர் வாயால் முதலில் வரட்டும்.

மையவாடித் தெரு:

நான் காயல்பட்டினம். எங்கள் முஸ்லிம்களில் பல கபுருகளுக்கு, அதாவது கல்லறைகளுக்கு, பெயரே கிடையாது, தலைமாட்டில் அடையாளத்துக்கு நடும் ஒரு மீஜான் பலகை மட்டும்தான். பெருநாள் தொழுகை முடிந்ததும் வாப்பா என்னைக் கையைப் பிடித்து ஜியாரத்துக்கு, கபுருகளைப் பார்த்து வர, கூட்டிப்போவார். வாசலில் நின்று கபுராளிகளுக்கு சலாம் சொல்லிவிட்டு, வேப்பமரத்திலிருந்து காலடியை எண்ணிக்கொண்டே நடப்பார். பதினோராவது காலடியில் அவருடைய உம்மா. வாப்பா மவுத்தான பிறகு நான் எண்ணினேன், எனக்குப் பதிமூன்று வந்தது. அவர் என்னைவிட உயரம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சகோதரி, எது யாருடையது என்று இந்த வருஷமே ஒரு தாளில் படமாகப் போட்டுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

பாம்பன் காற்று:

எங்கள் அம்மா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அவருடைய தம்பியும் பாட்டியும் போனார்கள். உடல் கிடைக்கவில்லை, போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. இடிந்த மாதா கோயில் சுவர் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், காற்று ஒரு நிமிஷம் நிற்க விடாது. அம்மா கேள்வி கேட்டால் பேச மாட்டார். கையில் ஏதாவது வேலை இருந்தால் பேசுவார். மெழுகுவர்த்தியை மணலில் குத்தி, சுற்றிக் கல் அடுக்கும்போதுதான் தம்பியின் பெயரே அவர் வாயில் வரும். உங்கள் அப்பாவுக்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

தோணிவீட்டு மகள், தூத்துக்குடி:

போய்விட்டு வந்தேன். மூவருக்கும் நன்றி, அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சாக்கை நனைத்துப் போட்டு, மூங்கில் சிம்பை அப்பா கையில் கொடுத்தேன். பார்வை போதாததால் விரலால் தடவித் தடவி நோண்டினார். பாட்டி பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "தண்டல் மனைவி". நான் அதைப் பார்த்ததே இல்லை. "நான்தான் கொத்தனாரை வெட்டச் சொன்னேன், மறந்தே போச்சு" என்றார். பெயரில்லாத மூன்றில் இரண்டு, தாத்தாவின் அக்காவுக்கும் அம்மை கண்டு இறந்த சித்தப்பாவுக்கும் உரியவை. தாளில் படம் போட்டு எழுதிக்கொண்டேன்.

சின்ன மேடைக்கு வந்தபோது நான் கேட்கவில்லை. மட்டையை வாங்கிக்கொண்டார், பாதி அடித்துவிட்டு அவராகவே சொன்னார். "உனக்கு மூத்தவன். மூணு நாள்தான் இருந்தான். மருத்துவச்சி தண்ணி ஊத்தி சூசைன்னு பேர் வச்சா. உங்க அம்மாவுக்குப் பச்சை உடம்பு, வர முடியல. நான்தான் துண்டுல சுத்தி, கையில தூக்கிட்டு நடந்து வந்தேன்."

அம்மா உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

கறுப்புப் பெயிண்ட் மீதம் இருந்தது. பெயர் எழுதட்டுமா என்று கேட்டேன். டப்பாவைத் தானே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் 'சூ' போட்டதும் குனிந்து பார்த்து, "கொஞ்சம் பெரிசா எழும்மா, எனக்குத் தெரியணும்" என்றார்.