கிளேசிங்குக்கு 'மெருகூட்டல்' வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

எண்ணெய் வண்ண ஓவியச் சொற்பட்டியலைப் பார்த்தேன். 'கிளேசிங்' மெருகூட்டல் ஆகவும் 'ஸ்கம்பிளிங்' உலர்தேய்ப்பு ஆகவும் வந்திருக்கிறது. இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

மெருகு என்பது கடைசியில் பளபளப்புக்காகப் போடுவது. பீங்கானுக்குச் சரி, குத்துவிளக்குக்கும் சரி. ஓவியத்தில் அந்த வேலை வார்னிஷுடையது. கிளேசிங் போடுவது நிறத்துக்காக.

ஏரிக்கரையில் நின்று காலடியில் உள்ள நீரைப் பாருங்கள். பார்வை ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், நீர்ப்பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி சுமார் 2 சதவீதம்தான். மிச்சம் உள்ளே இறங்குகிறது. அதில் ஒரு பங்கு அடியில் கிடக்கும் கல்லிலும் பாசியிலும் பட்டு, நீரின் வழியாகவே மேலே வருகிறது. கிளேசிங்கும் இப்படித்தான். காய்ந்த வெளிர் அடிப்பூச்சின் மேல், பிரஷ்யன் நீலம், விரிடியன் பச்சை போன்ற ஒளி புகும் நிறத்தை ஆளிவிதை எண்ணெயில் இளக்கி மெல்லிசாகப் பரப்புகிறோம். ஒளி அதைக் கடந்துபோய் அடிப்பூச்சில் பட்டு, மறுபடி அதே நிறத்தைக் கடந்து வெளியே வருகிறது. இரண்டு தடவை வடிகட்டியது மாதிரி. நீருக்கு ஆழம் வருவது அதனால்தான். என் முன்மொழிவு: ஊடொளிப் பூச்சு.

ஸ்கம்பிளிங் நேர் எதிர். காய்ந்த இருண்ட நிறத்தின் மேல், வெள்ளை கலந்த ஒளி புகாத நிறத்தை, அடியில் உள்ளது அங்கங்கே தெரியும்படி அரைகுறையாகத் தேய்ப்பது. அக்கரை மரங்களின் கரும்பச்சை மேல் சாம்பல்வெள்ளையை இப்படித் தேய்த்தால், நீலமே கலக்காமல் ஒரு நீலம் தட்டும். இருட்டான வாசலுக்கு முன்னால் அடுப்புப் புகை நீலமாகத் தெரிகிறதே, அதே சங்கதி. நுண்துகள்கள் நீல ஒளியைத்தான் கூடுதலாகச் சிதறடிக்கின்றன. புகையின் இந்த நீலத்தை லியோனார்டோ டா வின்சியே கவனித்து எழுதியிருக்கிறார். 'உலர்தேய்ப்பு' கை செய்வதை மட்டும்தான் சொல்கிறது. உலர்தூரிகை முறையோடு குழம்பவும் செய்யும். இதற்கு மூட்டப்பூச்சு எனலாமா?

---

மறுமொழி:

> இதற்கு மூட்டப்பூச்சு எனலாமா?

ஐயா, மன்னிக்கவும். படித்ததும் மூட்டுவலித் தைலம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் அச்சகத்தில் இந்தச் சொல்லைக் கொடுத்தால் நிச்சயம் 'மூட்டுப்பூச்சு' என்றுதான் வரும். நீங்களே புகையைத்தானே உதாரணம் காட்டினீர்கள்? 'புகைப்பூச்சு' போதாதா?

---

மறுமொழி:

தைலத்தை நான் யோசிக்கவில்லை! ஆனால் புகை என்றால் புகையோடு நின்றுவிடும். ஆங்கில ஓவியர் டர்னர் தம் 23 வயதில், 1798இல் காட்சிக்கு வைத்த பட்டர்மியர் ஏரி ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (இப்போது லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது). இருண்ட மலைகள், மழை, வெளுத்த ஒரு வானவில், அது நீரில் விழும் வெளிச்சம். இருட்டின் மேல் வெளிர். அங்கே இருப்பது ஈரம், புகை இல்லை. மூட்டம் என்றால் மேகமூட்டம், பனிமூட்டம், புகைமூட்டம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். 'மஞ்சு' என்ற பழஞ்சொல்லையும் யோசித்தேன். 'மஞ்சுப்பூச்சு' அச்சில் மஞ்சள் பூச்சாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

---

மறுமொழி:

நான் ஓவியம் சொல்லித்தருகிறவள். தூரிகையும் கையுமாக நிற்கும்போது 'பூச்சு' என்ற வால் வாயில் வராது. வினையாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த இழையைப் படித்த பிறகு, கொடைக்கானல் ஏரிக்கரையில் மாணவர்களிடம் "அக்கரை மரத்து மேல கொஞ்சம் மூட்டம் போடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. துணியில் தூரிகையைத் துடைத்துவிட்டு, வெள்ளையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே வெறும் 'மூட்டம்' போதும். தைலமும் நினைவுக்கு வராது.

> ஊடொளிப் பூச்சு

பொருள் சரிதான் ஐயா. ஆனால் அன்று நானே மூன்று முறை "கிளேஸ் அடிங்க" என்றுதான் சொன்னேன்.

---

மறுமொழி:

சரி அம்மா, பட்டியலில் 'மூட்டம். மூட்டம் போடு' என்று மாற்றிவிடுகிறேன். கிளேசிங்குக்கு எதிரே 'ஊடொளி' என்று மட்டும் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைக்கிறேன். அடுத்த வகுப்பில் "ஊடொளி விடுங்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.